கூட்டுத்தொகை சரி, ஆள் யார்? - மலையகத்தில் முரண்படும் பதிவேடுகள்

பெருந்தோட்டத் தொழிலாளி ஒருவர் வேலையிலிருந்து விலகி ஊழியர் சேமலாப நிதியைக் கோரும்போது, தாம் யார் என்பதை நிறுவுவதற்குப் பல ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டியவராகின்றார். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, தோட்ட அலுவலகத்தின் சேவைப் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய யாவற்றிலும் ஒரே பெயரும் ஒரே பிறந்த திகதியும் காணப்பட்டால் அவர் பாக்கியசாலி. மலையகத்தில் அத்தகைய பாக்கியசாலிகள் குறைவு. செக்ரோலில் லெட்சுமியாகவும், அடையாள அட்டையில் இலட்சுமியாகவும், பிறப்புப் பதிவில் லச்சுமாயியாகவும் ஒரே பெண் மூன்று பேராக நிற்பதை நாம் அறிவோம். திருமணத்துக்கு முன் தகப்பனாரின் பெயரோடும் பின்னர் கணவரின் பெயரோடும் எழுதப்பட்டிருந்தால் மூவர் நால்வராவர்.

இவ்விடயம் வழமையாகத் தொழிலாளியின் அறியாமை என்றோ எழுதுவினைஞரின் கவனயீனம் என்றோ விளக்கப்பட்டு வருகின்றது. அவ்விளக்கம் போதாது என்பதே எமது கருத்து. ஒரே மனிதரைப் பற்றி இரண்டு ஏடுகள் தனித்தனியே எழுதப்பட்டு, பின்னொரு நாளில் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த முற்படும் எந்த இடத்திலும் இச்சிக்கல் தோன்றும். இன்று ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை ஆகிய நகரங்களின் வர்த்தகர்கள் விற்பனைக்கு ஒரு மென்பொருளும் கணக்கியலுக்கு இன்னொரு மென்பொருளும் வைத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும்போது எதிர்கொள்வதும் இதனையே. ஆகையால் முதலில் கடையிலிருந்து தொடங்குவோம்.

மலையக நகரங்களின் பழைய கடைகளில் வாடிக்கையாளர் பதிவேடு என்பது கடன் கொப்பிதான். தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் தலைமுறைகளாக அக்கொப்பியை நம்பியே தோட்ட மக்களுக்கு அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பள நாளில் பணம் பெற்று வந்தனர். அதில் முழுப்பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயர், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்ற குறிப்பு, ஆளின் பட்டப்பெயர் ஆகியவையே இருக்கும். முதலாளி உயிரோடிருக்கும் வரை அக்கொப்பியில் ஒரு குழப்பமும் நேர்வதில்லை. பெயரையும் முகத்தையும் பொருத்தும் வேலையை அவரது ஞாபகம் செய்து வந்தது.

கணனிக்கு அந்த ஞாபகம் கிடையாது. விற்பனை மேசையில் நிற்கும் இளைஞர் அவசரத்தில் பெயரைத் தட்டெழுதுகின்றார். ஏற்கனவே உள்ள பெயரோடு ஓர் எழுத்து வேறுபட்டாலும், முற்றுப்புள்ளி ஒன்று கூடினாலும், மென்பொருள் அதைப் புதிய வாடிக்கையாளராகவே பதிவு செய்துவிடலாம். மறுபக்கத்தில் கணக்காளரின் மென்பொருளில் அதே மனிதர் வேறோர் எழுத்துக்கூட்டலில் கடனாளியாக இருக்கின்றார். இரண்டையும் இணைத்ததும் பற்றுச்சீட்டு ஒரு பெயரிலும் செலுத்திய பணம் மற்றொரு பெயரிலும் ஏறிக்கொள்கின்றன. ஒரு கணக்கு கடன் பாக்கி என்கின்றது. மற்றையது முற்பணம் செலுத்தியுள்ளார் என்கின்றது. ஒழுங்காகப் பணம் கட்டியவருக்கு நிலுவைக் கடிதம் போகின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, மொத்தக் கணக்கில் பிழையே தெரியாது என்பதாகும். கடனாளிகளின் கூட்டுத்தொகை சரியாக இருக்கும். பரீட்சை மீதியும் சமப்படும். கூட்டலைச் சரிபார்க்கும் சோதனை எதுவும், பணம் சரியான ஆளின் பெயரில் நிற்கின்றதா என்பதைக் காட்டுவதில்லை. எமது பத்திரிகைத் துறையும் இதற்கு விலக்கன்று. முகவர் ஒருவருக்கு விநியோகப் பட்டியலில் கடையின் பெயரும் கணக்குப் பட்டியலில் அவரது சொந்தப் பெயரும் இருந்ததால், பணம் செலுத்திய மாதத்திலேயே அவருக்குப் பத்திரிகைக் கட்டு நிறுத்தப்பட்ட சம்பவம் ஒன்றை நாம் நேரில் கண்டிருக்கின்றோம்.

எல்லா வேறுபாடும் பிழையன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவுக்கு ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, தொழிற்சாலை, துரை பங்களா ஆகிய நான்கும் நான்கு வாடிக்கையாளர்கள். பொருள் போய்ச் சேரும் இடம் வேறு, கையொப்பமிட்டுப் பெறுபவர் வேறு. கணக்குப் பிரிவுக்கோ கொழும்பிலிருந்து காசோலை அனுப்பும் கம்பனி ஒன்றே வாடிக்கையாளர். இங்கு இரண்டு ஏடுகளும் தத்தம் நோக்கத்துக்குச் சரியானவையே. இல்லாதிருப்பது நான்கு பெயர்களும் அந்த ஒரு கம்பனிக்கு உரியவை எனக் காட்டும் இணைப்புப் பட்டியல் ஒன்றே. அனுபவமுள்ள கணக்காளர் இரு மென்பொருட்களையும் இணைப்பதற்கு முன்பாக அப்பட்டியலைத் தயாரிப்பார். பெயரை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார். எந்த ஏடு மூல ஏடு என்பதையும் தீர்மானிப்பார். பொருந்தாத பெயர்களை மென்பொருள் தானாகவே ஒன்றுசேர்க்க அனுமதிக்காமல், தனிப் பட்டியலாக எடுத்து மனிதக் கண்ணால் பார்ப்பார். ஒரே தோட்டத்தில் இரண்டு ராமசாமிகள் இருக்கக்கூடுமல்லவா? இருவரை ஒருவராக்குவது, ஒருவரை இருவராக்குவதிலும் பெரிய தவறு. அதைப் பின்னர் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பெயர் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றது என்பதற்கு எமது மொழிகளிலேயே காரணம் உண்டு. தமிழில் ‘ப’ ஒரே எழுத்து. பாலன் என்று எழுதினால் எப்படி உச்சரிப்பது என்பது வாசிப்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுபவர் இரு எழுத்துகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒருவர் ‘பீ’யில் தொடங்குவார், மற்றவர் ‘பி’யில் தொடங்குவார், அகரவரிசையில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் போய் விழும். கோபாலுக்கும் தங்கவேலுக்கும் இதே கதிதான். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாமை இரண்டாவது காரணம். தகப்பனாரின் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா, முதலெழுத்தாக நிற்பதா முழுமையாக நிற்பதா என்பதை அந்தந்தப் படிவமே முடிவு செய்கின்றது.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இது புதிதன்று. முகம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகின்றது என்பதை ஒரு பாடசாலை வரவு இடாப்பைப் பார்த்தாலே விளங்கும். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று முதலெழுத்துகளை ஓர் அலுவலகம் விரித்தெழுதுகின்றது, மற்றோர் அலுவலகம் சுருக்கியே விடுகின்றது. அப்துல் என்பதைத் தனிப்பெயராகக் கருதி, அதோடு சேர்ந்தே பொருள் தரும் அடுத்த சொல்லை வெட்டிவிடும் மென்பொருட்களும் உண்டு.

தோட்டப்புறத்தில் இவற்றோடு வரலாறும் சேர்ந்துகொள்கின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கட்’ என்றொரு முறை நடைமுறையில் இருந்தது. தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளியிடம் எண்கள் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரியவர், எத்தனையாவது ஆள், அவரது வழிச்செலவை யாருடைய கணக்கில் எழுதுவது என்பனவற்றை அது காட்டிற்று. மலையக மனிதருக்குக் கிடைத்த முதல் அடையாள இலக்கம் அவருடைய உரிமைக்காக அன்றி, அவர்மீது செலவான பணத்துக்காகவே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்னரே ‘துண்டு’ என்ற கடன் சீட்டு இருந்தது. கங்காணியும் அவர்கீழ் உள்ளவர்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவர்கள் கைமாறுவர். 1921ஆம் ஆண்டு இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

செக்ரோல் இவ்வழியில் வந்த ஏடே. அன்று பிரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், எத்தனை இறாத்தல் கொழுந்து, எவ்வளவு சம்பளம் என்பதே அதன் நோக்கம். ஆளைக் கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். பெயர் எப்படி எழுதப்பட்டால் என்ன? அந்த ஏட்டின் அளவில் அது பிழையன்று. குழந்தை பிறந்தால் அச்செய்தி பெற்றோரிடமிருந்து மருத்துவிச்சி, எழுதுவினைஞர், துரை எனக் கைமாறியே பிறப்புப் பதிவாளரைச் சென்றடைந்தது. வழியில் மாரியாயி மாரியம்மாவாவதும், வீட்டில் அழைத்த பெயர் சாதகப் பெயரை விழுங்குவதும், ஞானஸ்நானப் பெயர் ஒன்று கூடுவதும் சாதாரணம். ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு புதிய பிரதியாயிற்று.

இந்த வேறுபாடு உயிர்நிலையைத் தொட்டது 1948ஆம் ஆண்டின் பின்னராகும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களைப் பிரஜைகளல்லாதோராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், திருமணமானவராயின் 7 ஆண்டுகளும் ஏனையோராயின் 10 ஆண்டுகளும் 1946ஆம் ஆண்டு ஆரம்பத்துக்கு முன்னர் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. நாட்கூலியைக் கணக்கிட எழுதப்பட்ட ஏடுகள் அன்று வதிவின் சாட்சியங்களாயின. ஒரு வேலைக்காக எழுதப்பட்ட பதிவை முற்றிலும் வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எமக்குத் தெரியாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்கவில்லை. இத்தனை தசாப்தங்களிலும் ஒவ்வொரு விண்ணப்பமும் பெயருக்கு மேலும் ஒரு எழுத்துக்கூட்டலைச் சேர்த்தது.

இனிச் சேமலாப நிதிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்நிதிக்கு இன்று தொழிலாளியின் வருமானத்திலிருந்து நூற்றுக்கு 8, தொழில்தருநரிடமிருந்து நூற்றுக்கு 12 என்ற வீதத்தில் பணம் சேர்கின்றது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்துகின்றார். சேமலாப நிதியின் நிர்வாகம் தொழில் திணைக்களத்திடமும், பணப் பொறுப்பும் உறுப்பினர் கணக்குகளும் மத்திய வங்கியிடமும் உள்ளன. தோட்டத்துறையில் இலங்கைத் தோட்டக்காரர் சேமநலச் சங்கம், தோட்ட உத்தியோகத்தர் சேமநலச் சங்கம் ஆகியவற்றின் ஊடாகவும் சேமலாபப் பணம் பேணப்படுகின்றது. ஆக ஒரே மனிதரின் சேமிப்பு பல நிறுவனங்களின் ஏடுகளில் கிடக்கின்றது.

உறுப்பினரை நிதி எவ்வாறு அடையாளம் கண்டது? தொழில்தருநரின் இலக்கமும், அந்தத் தொழில்தருநரின்கீழ் உறுப்பினருக்குரிய இலக்கமும் சேர்ந்ததே அங்கத்துவ இலக்கம். அதாவது இலக்கம் ஆளோடு பிறந்ததன்று, வேலை கொடுப்பவரோடு பிறந்தது. தொழிலாளி தோட்டம் மாறினால் இலக்கமும் மாறும். மலையகத்தில் ஆள் மாறாமலே தொழில்தருநர் மாறிய கதையும் உண்டு. 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, பின்னர் ஜனவசம என்றும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் இரு நிறுவனங்களின்கீழ் வந்தன. 1992ஆம் ஆண்டு அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. ஒரே லயத்தில், ஒரே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று நிர்வாகங்களைக் கண்டுவிட்டார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏடுகள் புதிதாக எழுதப்பட்டன.

இங்கேதான் கடையில் கண்ட அதே காட்சி மீண்டும் தோன்றுகின்றது. தோட்டம் மாதந்தோறும் சி படிவத்தோடு அனுப்பும் பணத்தின் மொத்தமும், நிதிக்குக் கிடைத்த மொத்தமும் பொருந்தியிருக்கும். யாரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால் அப்பணம் ஒரு பகுதி லெட்சுமி பெயரிலும் ஒரு பகுதி இலட்சுமி பெயரிலும் படிந்திருக்கும். மாதாந்தக் கணக்கில் வெளிப்படாத இவ்வேறுபாடு, அவர் கே படிவத்தை நிரப்பும் நாளில் மட்டுமே வெளிப்படுகின்றது. கடைக்காரர் ஒரு மாதத்தில் கண்டுபிடிக்கும் பிழையைத் தொழிலாளி முப்பது ஆண்டுகளின் பின்னர் கண்டுபிடிக்கின்றார். அப்போது எழுதியவர் இல்லை, துரை இல்லை, சில வேளைகளில் அந்த ஏடுமில்லை.

பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் நிதியைப் பெறும் உரிமை கிடைப்பதால் பிறந்த திகதியும் பெயரளவு முக்கியமானது. பிறப்புப் பதிவு இல்லாதோருக்கு உத்தேச வயதுச் சான்றிதழே ஆதாரம். செக்ரோலில் குத்துமதிப்பாக எழுதிய வயது அதோடு பொருந்துவதில்லை. பின்னர் சத்தியக் கடதாசி, சமாதான நீதவானின் கையொப்பம், கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகம் என்று அலைச்சல் தொடர்கின்றது. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒரு நாள் வேலையை விட்டு ஹற்றனுக்கு வருபவருக்கு அன்றைய சம்பளமும் இல்லை, பஸ் செலவும் கைக்காசுதான்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எல்லா ஏடுகளுக்கும் பொது இலக்கமாக்கினால் தீர்ந்துவிடுமே எனலாம். பெருமளவுக்குத் தீரும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் இலக்கம் 12 இலக்கங்களைக் கொண்டது. பிறந்த ஆண்டின் முன்னால் 19 என்பதையும் இடையில் ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் பழையது புதியதாகிவிடும். இதை அறியாத மென்பொருள் ஒரே ஆளை இருவராகவே காணும். அடுத்து, அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியுள்ளன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படுகின்றது. ஆகவே பிறந்த திகதி பிழையாயின் இலக்கமே பிழையைச் சுமந்து நிற்கும்.

அயல்நாடான இந்தியாவில் 2014ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதி உறுப்பினருக்கு நிறுவனம் மாறினாலும் மாறாத ஒரே பொதுக் கணக்கு எண் அறிமுகம் செய்யப்பட்டது. அங்கும் ஆதார் அட்டையின் பெயரோடு பொருந்தாமை என்ற புதிய தலையிடி எழுந்தது உண்மை. ஆயினும் அப்பொருந்தாமை உறுப்பினர் வேலையில் இருக்கும்போதே தெரியவருகின்றது, தொழில்தருநரும் அவரும் கூட்டாக ஒப்பமிட்டுத் திருத்த வழியிருக்கின்றது. எமக்கு வேண்டியது இதுவே. சில தோட்டங்களில் இப்போது கொழுந்து நிறுப்பதற்கு மின்னணுத் தராசும் ஆளடையாள அட்டையும் வந்துள்ளன. செக்ரோல் கணனிக்கு ஏறுகின்ற இத்தருணத்தில், பழைய பெயர்களை அப்படியே தட்டெழுதிவிட்டால் பழைய பிழைகள் புதிய வேகத்தோடு பரவும். அடையாள அட்டை இலக்கம், பழைய அங்கத்துவ இலக்கங்கள், இதுவரை எழுதப்பட்ட எல்லாப் பெயர்களும் ஒரே வரியில் அமைந்த இணைப்புப் பட்டியல் ஒன்றைத் தோட்ட நிர்வாகம் தயாரிப்பது கடினமான காரியமன்று. பழைய பெயரை அழிக்கவும் தேவையில்லை. அழித்தால் பழைய கணக்கைக் கண்டுபிடிக்க முடியாமற் போகும்.

பொருந்தாத பெயர்களின் பட்டியலை அலுவலக அலுமாரியில் பூட்டாமல் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டும் என்றும் நாம் கூறுவோம். எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாத சந்தேகத்தை, அது நான்தான் என்று ஒரு குரல் தீர்த்துவிடும். இப்பணியின் செலவு ஏட்டை எழுதியவரைச் சார்ந்தது. தொழிலாளி தமது பெயரை ஆங்கிலத்தில் எழுதும்படி யாரிடமும் கேட்கவில்லை. தொழிற்சங்கங்கள் சந்தாப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதுவும் ஓர் ஏடுதான் என்பதை அவை மறந்துவிடக் கூடாது. வேலையில் இருப்பவர்களும் தமக்கு வரும் உறுப்பினர் கணக்குக் கூற்றை எடுத்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றார்கள்.

அப்பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டதோ அவ்வாறே அது மகனின் பெயருக்கு முன்னால் வந்து நிற்கின்றது. லிந்துலையில் ஓர் எழுதுவினைஞர் எழுதிய எழுத்துக்கூட்டல், சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டைக்கும், பின்னர் அடையாள அட்டைக்கும், கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஏ.பி.எச். படிவத்துக்கும் செல்கின்றது. தகப்பனாரின் கணக்கு ஒரு பெயரில் முடிவதற்கு முன்னரே மகனின் கணக்கு இரண்டு பெயர்களில் தொடங்கிவிடுகின்றது.